வயிற்றைக் கட்டுகிற குளிசை

"வேற ஏதாவது குளிசை எடுக்கிறீங்களா ரீச்சர்? தலையிடிக்கு, நித்திரைக்கு, எதுக்கெண்டாலும்?"

டொக்டர் சோமசேகரம் இந்தக் கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டார். முதல் தடவை போன வருடம் வைகாசியில். அடுத்தது கார்த்திகையில். இப்போது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி. மூன்று தடவையும் புஸ்பராணி ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"இல்லை டொக்டர்."

பக்கத்துக் கதிரையில் இருந்த அவளுடைய கணவர் ஞானசேகரம், "அவ தலையிடிக்குக்கூட ஒண்டும் போடமாட்டா டொக்டர். கோப்பியைக் குடிச்சிட்டுப் படுத்திடுவா," என்று சேர்த்துச் சொன்னார்.

அவர் அப்படி நம்பிச் சொன்னது, தான் சொன்ன பொய்யைவிட அவளைச் சுட்டது. மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதன் உள்ளறையில், கைக்குட்டையில் சுற்றி, அட்டையில் அடைத்த குளிசை ஒன்றரைக் காட் இருந்தது.

புஸ்பராணிக்கு நாற்பத்தொரு வயது. உவர்மலையில் வீடு. ஞானசேகரம் துறைமுகத்தில் மின்சாரப் பகுதிப் போர்மன். ஒரே மகள் வதனி ஆறாம் வகுப்புப் படித்தாள். புஸ்பராணி பதினொரு வருடமாகக் கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சிறுகுடலின் படத்தைக் கரும்பலகையில் ஒரே இழுவையில் கீறி, அதன் உட்சுவரில் சடைமுளைகளை ஒவ்வொன்றாகப் போடுவாள். பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஒன்றரை வருடத்தில் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கவே அவளுக்குப் பயமாகிவிட்டது. காலையில் தட்டையாக இருக்கிற வயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பறை மாதிரி ஊதி, பின்னேரம் சீலைக் கொய்யகம் நிற்காத அளவுக்கு வரும். உள்ளே எந்த நேரமும் இரைச்சல். வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கடைசி வரிசை வாங்கு வரை கேட்கும். கடைசி வரிசையில் யாராவது தலையைக் குனிந்தால் சிரிப்பை அடக்கத்தான் என்று அவளுக்குத் தெரியும். வாயில் புளித்த ஏப்பம். இரண்டு நாள் ஒன்றும் போகாது, மூன்றாம் நாள் கொழுப்பு மிதக்கிற மாதிரி இளகிப் போகும். நிறை ஏழு கிலோ குறைந்திருந்தது. அண்மைக்காலமாகக் கால் விரல்கள் விறைத்து, நிலத்தில் நடந்தாலும் பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருந்தது.

"அம்மா, உங்கட வயிறு கதைக்குது," என்று வதனி ஒருநாள் சிரித்தபோது, பிள்ளைக்கு அடிக்கக் கை ஓங்கிவிட்டாள்.

டொக்டர் தந்த ரெட்ராசைக்கிளின் என்ற கிருமிகொல்லி மருந்து பத்து நாளில் வேலை செய்தது. முதல் தடவையும் செய்தது, இரண்டாம் தடவையும் செய்தது. ஊதல் வற்றி, பசி வந்து, முகம் தெளியும். இரண்டு மாதம் போகும். பிறகு பழையபடி.

"சிறுகுடலில கிருமி பெருகியிருக்கு," என்றார் டொக்டர். "பெருங்குடலில இருக்கவேண்டியது மேல ஏறி வந்து குடியிருக்குது. மருந்து குடுத்தால் சாகுது, விட்டால் திரும்ப வருது. அப்ப சும்மா கொன்றுகொண்டிருந்து பிரயோசனமில்லை. அது ஏன் அங்க குடியேறுது எண்டு பிடிக்கவேணும். சீனி வருத்தம் பார்த்தாச்சு, இல்லை. ஒப்பரேசன் ஒண்டும் செய்யேல்லை எண்டுறீங்கள். வேற மருந்தும் இல்லை எண்டுறீங்கள். அப்ப உள்ளுக்கை எங்கேயோ தடை இருக்கவேணும். கொழும்புக்குப் போய் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

புஸ்பராணி தலையாட்டினாள். ஏன் குடியேறுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் விஞ்ஞான ரீச்சர்.

*

அது தொடங்கியது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை.

டவுனிலிருந்து கிண்ணியாவுக்குப் போவதென்றால் துறையடி வரை பஸ்ஸில் போய், அங்கே 'பாதை' என்று சொல்லுகிற இரும்பு மிதவையில் ஏறி அக்கரை சேரவேண்டும். துறையடிக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறவேண்டும். வழக்கமாகக் கால்மணி நேரம். புஸ்பராணியும் றம்ஸியா ரீச்சரும் நாலு வருடமாக ஒரே சீற்றில் அந்தப் பயணத்தைச் செய்து வந்தார்கள். றம்ஸியா அதே பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள், ஜமாலியாவில் வீடு. இருவருக்கும் இடையில் சமையலும் மாமியாரும் பிள்ளைகளின் காய்ச்சலும் கதையாகப் போய்க்கொண்டிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முதல்நாள் எங்கேயோ கண்ணிவெடி வெடித்ததால், பஸ்ஸிலிருந்து இறக்கியவர்களை வரிசையில் நிறுத்திவிட்டு ஒருவரையும் விடவில்லை. கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. ஒரு மணித்தியாலம் போனது, இரண்டு போனது. புஸ்பராணி முதல்நாள் ஒரு பிறந்தநாள் வீட்டில் சாப்பிட்டிருந்தாள், அது சரியில்லை. வயிறு பிசையத் தொடங்கியது. பக்கத்தில் வந்த ஆமிக்காரனிடம், "சேர், கக்கூசுக்கு..." என்றாள். சிங்களம் மட்டும் தெரிந்த அவனுக்கு விளங்கவில்லை. "இன்ன, இன்ன," என்று நிற்கும்படி கையைக் காட்டிவிட்டுப் போனான். இன்னொருவனிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவன் மற்றவனைப் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாவது மணித்தியாலத்தில் அவளால் ஏலாமல் போனது.

வெளிர்நீலச் சீலை. வரிசையில் ஐம்பது, அறுபது பேர். அவர்களுக்குள் அவள் படிப்பிக்கிற பிள்ளைகளின் தகப்பன்மார் இருந்தார்கள். மணம் முதலில் போய்ச் சேர்ந்தது. முன்னால் நின்ற மனிதர் திரும்பாமலே ஓரடி முன்னுக்கு நகர்ந்தார். அந்த ஓரடியைத்தான் அவள் பிறகு எத்தனையோ நாள் கனவில் கண்டாள்.

பின்னால் நின்ற றம்ஸியா நெருங்கி வந்து, அவளுடைய முதுகோடு முட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உடம்பை முழுதாக மூடுகிற கறுப்பு ஹபாயா போடத் தொடங்கியிருந்தாள் றம்ஸியா. அந்தக் கறுப்புத் துணி புஸ்பராணியின் சீலையை மறைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருவரும் அப்படியே நின்றார்கள். விட்டதும் றம்ஸியா அவளை ஒரு கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். பிறகு ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் புஸ்பராணி மருந்துக் கடையில் நின்று, வயிற்றோட்டத்தை நிற்பாட்டுகிற குளிசை ஒரு காட் வாங்கினாள். ஒன்று போட்டாள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஒன்று போட்டாள். வயிற்றோட்டம் எப்போதோ நின்றுவிட்டது, பயம் நிற்கவில்லை. பாடசாலை நாள் என்றால் குளிசை. பிறகு இரண்டு. பாதை பிந்துகிற மழைக்காலத்தில் மூன்று. ஒரே கடையில் வாங்கினால் கேள்வி கேட்பார்கள் என்று மூன்று கடை வைத்திருந்தாள்.

உணவைக் குடலின் சுற்றுச்சுருக்கு அசைவுதான் கீழே தள்ளிக்கொண்டு போகிறது என்று பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள், அந்த அசைவைத் தானே காலைக்குக் காலை நிற்பாட்டினாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் செவ்வாய் கழிந்து ஒரு வாரத்தில், ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்தபோது நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. றம்ஸியாவும் அதற்குள் இருந்தாள். புஸ்பராணியின் காது இரண்டும் சூடாகிவிட்டன. இடைவேளையில் றம்ஸியாவை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"நீங்கள் கதை பரப்புவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை."

"என்ன கதை ரீச்சர்?"

"உங்கட ஆக்களை நம்பக்கூடாது எண்டு எங்கட வீட்டில சொல்லேக்கை நான்தான் உங்களுக்காகச் சண்டை பிடிச்சனான். அவை சரியாத்தான் சொல்லியிருக்கினம்."

தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த வருடங்கள் அவை. அந்த வசனம் எங்கே போய்க் குத்தும் என்று புஸ்பராணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். றம்ஸியா கையிலிருந்த வெண்கட்டிப் பெட்டியை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்றிலிருந்து புஸ்பராணி அரைமணி நேரம் முந்திய பஸ்ஸில் போனாள்.

*

கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். பயணத்தில் எத்தனை இடத்தில் இறக்குவார்களோ என்று புஸ்பராணி முதல்நாளே நாலு குளிசை போட்டிருந்தாள். படம் எடுக்கிற அன்று விடியவும் இரண்டு போட்டாள்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒரு கோப்பை பேரியத்தைக் குடிக்கக் கொடுத்து, அரைமணிக்கு ஒருதரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் அது சிறுகுடலைத் தாண்டிவிடவேண்டும். நாலு மணித்தியாலம் ஆகியும் பாதி வழியில் நின்றது. ஆறு மணித்தியாலத்திலும் பெரிதாக நகரவில்லை. படம் எடுத்த சிங்களப் பெண் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நோனா, மருந்து? வேற மருந்து குடிச்சது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

புஸ்பராணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

வெளியே மர வாங்கில் ஞானசேகரம் இருந்தார். அவளுக்குச் சாப்பாடு கூடாது என்றபடியால் தானும் சாப்பிடாமல் இருந்தார். வாங்கி வைத்த பணிஸ் இரண்டும் பேப்பரில் சுற்றியபடியே இருந்தன. அவள் வெளியே வந்ததும் எழுந்து, "நோகுதா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றாள். அன்று அவள் சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான்.

படங்களைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், குடலில் ஒடுக்கமோ ஒட்டலோ இருக்கவேண்டும், வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று எழுதிக்கொடுத்தார். பங்குனி இருபத்திமூன்று என்று நாளும் குறித்தார்கள்.

இப்போதாவது சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். ஹபரணையில் தேத்தண்ணிக்கு நின்றபோது வாயைத் திறந்தாள். "என்ன?" என்று ஞானசேகரம் குனிந்தார். அவருடைய கண் இரண்டும் சிவந்திருந்தன. "ஒண்டுமில்லை," என்றாள். என்னவென்று சொல்வது? குளிசையைச் சொன்னால் ஏன் போட்டாய் என்பார். ஏன் என்று சொல்லப்போனால் அந்த வரிசையைச் சொல்லவேண்டும். பதினாலு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர்தான். ஆனால் அந்தச் சீலையைக்கூட அவள் அவருக்குத் தெரியாமல்தான் கொல்லைக்குள் எரித்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் துறைமுகத்தில் ஞானசேகரத்தோடு வேலை செய்கிற இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். குணரத்தினம், தம்பிராசா. ஒப்பரேசனுக்கு இரத்தம் தேவைப்படலாம் என்று ஞானசேகரம் சொல்லியிருந்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் லீவு போட்டாச்சு அக்கா," என்றார் குணரத்தினம். "உங்களோடையே கொழும்புக்கு வாறம். என்ர இரத்தம் உங்கட குறூப்தானாம், பார்த்திட்டன்."

தம்பிராசா சிரித்தார். "நான் வேற குறூப். ஆனா இரத்த வங்கிக்குக் குடுத்தா மாத்தித் தருவினமாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

புஸ்பராணி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பை நிறைந்ததைக் கவனிக்காமல் தட்டில் சிந்திவிட்டாள். அதைத் துடைத்து, திரும்ப ஊற்றி, கொண்டுபோய் அந்த இரண்டு பேரின் கையிலும் கொடுத்தாள். அவர்கள் இனிப்பு நல்லாயிருக்கு என்று சொல்லிக் குடித்தார்கள். அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் நல்லது போல் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

*

றம்ஸியா வந்தது அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி போல. ஞானசேகரமும் வதனியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கேற்றடியில் கறுப்பு ஹபாயாவைக் கண்டதும் புஸ்பராணி கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். பிறகுதான் போய்த் திறந்தாள்.

"ஒப்பரேசன் எண்டு அதிபர் சொன்னாரு," என்றாள் றம்ஸியா. உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். "தேத்தண்ணி வேணாம். ஒண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தனான். டொக்டருக்கிட்ட அந்தக் குளிசையைப் பத்திச் சொன்னீங்களா?"

"எந்தக் குளிசை?"

"ரீச்சர், தையில நான் பாமசியில உங்களுக்குப் பின்னால நிண்டனான். நீங்க பாக்கல்ல. வயித்தைக் கட்டுற குளிசை பத்துக் காட் கேட்டீங்க. பத்துக் காட். எனக்கு அப்பவே விளங்கிட்டு ஏனெண்டு." அவள் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள். "அதுக்குத்தான் வயித்தை வெட்டப் போறாங்களா?"

புஸ்பராணி சுவரோடு சாய்ந்து நின்றாள். அழுகை வரவில்லை. "நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களா?" என்றுதான் கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து மறுபடியும் என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

றம்ஸியா நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கும் நான் ஒத்தருக்கும் சொல்லல்ல. எண்ட புருசனுக்கும் சொல்லல்ல. ஏன் தெரியுமா?"

ஹபாயாவின் நுனியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"உங்களைப் பத்திச் சொல்லணும் எண்டா என்னைப் பத்தியும் சொல்லணும். எனக்கு உங்களுக்கு முதலே போயிட்டு ரீச்சர். சலம். ரெண்டாவது மணித்தியாலத்திலேயே. ஹபாயா கறுப்பு, காத்து வேற அடிச்சுக்கொண்டிருந்திச்சு, ஒத்தருக்கும் தெரியல்ல. செருப்புக்குள்ள எல்லாம் நனைஞ்சு நிண்டனான். உங்களுக்கு நடந்தபோது உங்களை மறைக்கத்தான் கிட்ட வந்தனான் எண்டு நினைச்சிருப்பீங்க. பாதி அதுதான். பாதி, என்னையும் மறைச்சுக்கொள்ளத்தான்."

வெளியே ஒரு ஹெலிகொப்டர் துறைமுகப் பக்கம் தாழப் பறந்து போனது.

"அதுக்குப் பிறகு நான் காலம எழும்பினா வீட்டுக்குத் திரும்பி வரும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறல்ல," என்றாள் றம்ஸியா. "போன வருசம் ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில கிடந்தனான். கிட்னியில கல்லு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க என்னோட கதைக்கிறல்லதானே."

புஸ்பராணி நிலத்தில் இருந்துவிட்டாள். கதிரை பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சமமாகக் கதிரையில் இருக்க அவளால் முடியவில்லை.

"நான் உங்களுக்குச் சொன்ன அந்தக் கதை..." என்று தொடங்கினாள்.

"அது இப்ப வேணாம்," என்றாள் றம்ஸியா. குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. "அது எனக்கு இன்னும் நோகுது. அதை இண்டைக்குக் கதைக்க ஏலா. நீங்க டொக்டருக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. சும்மா கிடக்கிற வயித்தை வெட்டக் குடுக்காதீங்க."

எழுந்து போய்விட்டாள். புஸ்பராணி கேற்றடிக்குக்கூடப் போகவில்லை.

*

திங்கட்கிழமை பின்னேரம் டொக்டர் சோமசேகரத்தின் அறையில், ஞானசேகரம் பக்கத்தில் இருக்க, புஸ்பராணி கைப்பையைத் திறந்து குளிசைக் காட்டுகளை மேசையில் வைத்தாள். கணவர் வெளியே நிற்கட்டும் என்று கேட்க நினைத்திருந்தாள். ஆனால் இரண்டு தரம் சொல்லத் தன்னால் ஏலாது என்று தெரிந்ததால் அவரையும் வைத்துக்கொண்டே சொன்னாள். வரிசையைச் சொன்னாள். சீலையைச் சொன்னாள். மூன்று கடையைச் சொன்னாள். கொழும்பில் படம் எடுக்க முதல் போட்ட இரண்டையும் சொன்னாள். சொல்லும்போது மேசையில் இருந்த காட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு. "மூண்டு தரம் கேட்டனான் ரீச்சர். உங்களை மேசையில கிடத்தி வெட்டியிருப்பினம்."

அவள் மற்றக் காட்டையும் அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"சரி," என்றார் பிறகு. குரல் தணிந்திருந்தது. "ஓடாத வாய்க்காலில பாசி பிடிக்கும். குடல் ஆடி அசைஞ்சு கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தால்தான் கிருமி கீழ நிக்கும். நீங்கள் ஒண்டரை வருசமா வாய்க்காலை மறிச்சு வச்சிருக்கிறீங்கள். நான் மேல நிண்டு மருந்து ஊத்திக்கொண்டு இருந்திருக்கிறன். கால் விறைக்கிறதும் அதாலதான், கிருமி உங்கட விற்றமினைத் திண்டுட்டுது."

அவர் எழுதத் தொடங்கினார். குளிசையைச் சடுதியாக விடக்கூடாது, இரண்டு கிழமையில் குறைத்துக் குறைத்து விடவேண்டும். கடைசியாக ஒரு தரம் ரெட்ராசைக்கிளின். கிழமைக்கு ஒரு பி பன்னிரண்டு ஊசி. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் கொறிக்கக்கூடாது, அந்த வெறும் நேரத்தில்தான் குடல் தன்னைத்தானே கூட்டித் துப்பரவாக்கும். ஒரு மாதம் லீவு. மூன்று மாதத்தில் திரும்பப் படம் எடுத்து, பேரியம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கவேண்டும். போனால் ஒப்பரேசன் தேவையில்லை.

"இவ்வளவும் நான் செய்யலாம்," என்றார் மருந்துத் துண்டை நீட்டியபடி. "ஆனா அந்தப் பஸ்ஸில குளிசை இல்லாமல் ஏறவேணும். ஏறாட்டி இது திரும்பவும் வரும். அதுக்கு என்னட்ட மருந்து இல்லை."

வீட்டுக்கு நடந்து வந்தார்கள். ஞானசேகரம் நாலடி முன்னால் நடந்தார். கேற்றடியில்தான் நின்றார்.

"கொழும்பில அந்த வாங்கில இருந்துகொண்டு, நீர் இல்லாமல் வதனியை எப்படி வளர்க்கிறது எண்டு யோசிச்சனான்," என்றார். "குணரத்தினத்தாருக்கு இப்ப நான் என்ன சொல்லுறது?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் பேசவில்லை. புஸ்பராணி சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். குணரத்தினத்தாருக்கும் தம்பிராசாவுக்கும் படத்தில் பிழை, ஒப்பரேசன் தேவையில்லையாம் என்று அவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. தனக்காக அவரும் பொய் சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று அவள் கூசிப்போனாள்.

மூன்றாம் நாள் காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "வெசிக்கிலியட யன்ன ஓன," என்றார்.

அவள் விழித்தாள்.

"கக்கூசுக்குப் போகவேணும் எண்டு அர்த்தம். சொல்லும்."

"எனக்கு வெக்கமாயிருக்கு."

"வெக்கமாத்தான் இருக்கும். சொல்லும்."

துறைமுகத்தில் இருபது வருடம் வேலை செய்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் சொன்னாள். அவர் திருத்தினார். வதனி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தானும் வந்து சொல்லிப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு காலையும் அந்த மூன்று சொல்லையும் அவர் அவளிடம் கேட்டார், பாடம் ஒப்புவிக்கச் சொல்லுகிற வாத்தியார் மாதிரி.

*

சித்திரை முடிய, விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கிய நாளில், புஸ்பராணி பழையபடி றம்ஸியா போகிற பஸ்ஸில் ஏறினாள். றம்ஸியா தன் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்கத் துணிவில்லாமல் பின்சீற்றில் போய் இருந்தாள். குளிசை போடவில்லை. சாவடி வரும் வரைக்கும் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

அன்றும் மறித்துவைத்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஏதோ வாகனத் தொடர் போகிறதாம். இருபது நிமிடம் போனது. பயத்தினாலோ என்னவோ அவளுடைய வயிறு பிசையத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. இப்போது பெண்களைச் சோதிக்க ஒரு ஆமிப் பெண்ணும் நின்றாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். புஸ்பராணி வரிசையை விட்டு விலகினாள். எல்லாக் கண்ணும் தன் மேல் இருக்கிறதென்று தெரிந்தது. ஒரு மாதம் பாடமாக்கிய வசனம் நெஞ்சுக்குள் நின்றது, வாய்க்கு வரவில்லை. பிறகு வந்தது. நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது.

"வெசிக்கிலியட யன்ன ஓன."

வரிசையில் ஒரு ஆள் தலையைத் திருப்பினார். புஸ்பராணியின் முகம் தீயாக எரிந்தது. அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மற்றவனிடம் ஏதோ சொல்லி, வா என்று தலையை அசைத்தாள். மண்மூட்டைகளுக்குப் பின்னால், தகரம் அடித்த ஒரு கக்கூசு. கதவு முழங்காலிலிருந்து தோள் வரைதான். ஆமிக்காரர்களுடையது. ஒரு வாளி தண்ணீரும் இருந்தது.

வெளியே வந்தபோது தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். வரிசைக்கு அருகில் வந்த பிறகுதான் கவனித்தாள்: துறையடியில் அப்பக் கடை வைத்திருக்கிற பரீதா என்ற பெண் வரிசையை விட்டு வெளியே வந்து அந்த ஆமிப் பெண்ணுக்கு முன்னால் நின்றாள். சிங்களம் ஒன்றும் தெரியாத பரீதா, புஸ்பராணியைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். பிறகு, பையை நெஞ்சோடு அணைத்தபடி, றம்ஸியா.

ஆமிப் பெண் சலித்துக்கொண்டு எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னாள்.

பஸ் பிந்திவிட்டது. ஆம்பிளைகள் முணுமுணுத்தார்கள். பாடசாலையில் முதலாம் பாடம் முடிந்திருந்தது. கையொப்பப் புத்தகத்துக்கு முன்னால் அதிபர், "என்ன ரீச்சர், முதல் நாளே?" என்றார்.

"வழியில கக்கூசுக்குப் போகவேண்டி வந்தது சேர்," என்றாள் புஸ்பராணி.

அதிபர் புத்தகத்தைப் பார்த்தார், பேனையைத் தேடினார், பிறகு "சரி, சரி," என்றார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. ஆனியில் எடுத்த படத்தில் பேரியம் இரண்டரை மணித்தியாலத்தில் பெருங்குடலுக்குப் போயிருந்தது. ஆனாலும் ஐப்பசி மழையில் மிதவைப் பாதை மூன்று நாள் பழுதாகிக் கிடந்தபோது, பயத்தில் ஒரு கிழமை மறுபடி குளிசை போட்டாள். வயிறு மறுபடி ஊதியது. இந்தத் தடவை அன்றைக்கே டொக்டரிடம் போய்ச் சொன்னாள். நிறை மெல்ல மெல்லக் கூடியது. கால் விரல் இரண்டில் விறைப்பு மட்டும் போகவே இல்லை. சாவடியில் அந்த வசனத்தைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் முகம் எரிந்தது, அது பழகவில்லை. றம்ஸியா காலையில் அரைப் போத்தல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தாள்.

றம்ஸியாவின் பக்கத்துச் சீற்றில் அவள் மறுபடி இருக்கத் தொடங்கியதற்கும் மாதங்கள் பிடித்தன. முதலில் பாடசாலைக் கதை மட்டும். பிறகு பிள்ளைகளைப் பற்றி. ஒருநாள் பின்னேரம் துறையடியில் பாதைக்குக் காத்து நின்றபோது, புஸ்பராணி ஆய்வுகூடத்தில் தான் சொன்ன அந்தச் சொல்லை எடுத்தாள். அதைச் சொல்லும்போது அது பொய் என்று தனக்குத் தெரியும் என்றாள். தன்னுடைய நாற்றத்தை யாராவது ஒருவர் மேல் பூசவேண்டியிருந்தது, கிட்ட நின்றது நீங்கள்தான் என்றாள்.

றம்ஸியா கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பாதை கரையில் வந்து முட்டி, சங்கிலிச் சத்தம் கேட்டது.

"வாங்க ரீச்சர்," என்றாள். "பிந்தினா இருக்க இடம் கிடைக்காது."